ஒரே கட்டளையில் ஓர் இணையச் செயலி

கணிப்பொறியின் கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'என்.பி.எம். கிரியேட் வீட்' என்று ஒரே ஒரு வரியைத் தட்டச்சு செய்கிறோம். கணிப்பொறி நம்மிடம் இரண்டு மூன்று கேள்விகள் கேட்கிறது. உங்கள் திட்டத்திற்கு என்ன பெயர்? எந்தச் சட்டகம் வேண்டும்? ஜாவாஸ்கிரிப்டா, டைப்ஸ்கிரிப்டா? விடை சொன்ன சில நொடிகளில் ஒரு கோப்புறை பிறந்துவிடுகிறது. மேலும் இரண்டு கட்டளைகள் கொடுத்தால், உலாவியில் ஒரு மாதிரிப் பக்கம் தோன்றுகிறது. அதில் ஒரு பொத்தான். அழுத்தினால் 0 என்பது 1 ஆகிறது. மீண்டும் அழுத்தினால் 2. நாம் இன்னும் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. ஆயினும், இயங்கும் இணையச் செயலி ஒன்று நம் கையில் இருக்கிறது!

இவ்வாறு யாரோ முன்கூட்டியே அமைத்து வைத்துள்ள கோப்புறையை நிரலர்கள் 'ஸ்டார்ட்டர் டெம்ப்ளேட்' என்று அழைக்கின்றனர். நாம் அதைத் தொடக்க வார்ப்புரு என்று சொல்லலாம். இன்று இணையச் செயலி எழுதக் கற்கும் மாணவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். கல்லூரி இறுதியாண்டுச் செயல்திட்டங்களில் பலவும் இப்படிப் பிறந்தவையே. இந்தக் கோப்புறைக்குள் இருப்பவை யாவை? அவற்றின் தேவை எங்கிருந்து வந்தது? அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம்? இக்கேள்விகளுக்கு விடை காண, முதலில் உலாவியிடமிருந்து தொடங்குவோம்.

உலாவிக்குத் தெரிந்த மொழிகள்

1991 ஆம் ஆண்டு ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் இணையதளத்தை வெளியிட்டபோது, அதில் எழுத்தும் இணைப்புகளும் மட்டுமே இருந்தன. பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் எச்.டி.எம்.எல். ஒன்றே அதற்குப் போதுமானதாக இருந்தது. 1995 இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதல் வடிவத்தை உருவாக்கினார். 1996 இல் பக்கத்தின் தோற்றத்தைக் கூறும் சி.எஸ்.எஸ். வந்து சேர்ந்தது. உலாவிக்கு இன்றும் நேரடியாகப் புரிபவை அடிப்படையில் இந்த மூன்றே. வெப்அசெம்ப்ளி என்று நான்காவது ஒன்றும் பின்னர் சேர்ந்துள்ளது. நம் கதைக்கு அது வேண்டியதில்லை.

மேலே கண்ட எண்ணும் பொத்தானை இம்மூன்று மொழிகளைக் கொண்டு ஏறத்தாழப் பத்து வரிகளில் எழுதிவிடலாம். ஒரே கோப்பு, எந்த வார்ப்புருவும் வேண்டாம். அப்படியிருக்க, இத்தனை ஆரவாரம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம்.

ஒரு பேருந்து முன்பதிவுப் பக்கத்தை எண்ணிப் பாருங்கள். ஓர் இருக்கையைத் தொட்டால் அதன் நிறம் மாற வேண்டும். கட்டணம் கூட வேண்டும். பயணியின் பெயர் எழுதும் கட்டம் ஒன்று தோன்ற வேண்டும். இருக்கையை விட்டுவிட்டால் இவை யாவும் திரும்ப மறைய வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் கையால் எழுதிக்கொண்டு போனால், ஏதேனும் ஒன்று விடுபட்டுவிடும். இருக்கை இரண்டு என்று ஓரிடத்திலும் கட்டணம் மூவருக்கு என்று வேறோரிடத்திலும் காட்டும் பக்கங்கள் இப்படித்தான் உண்டாகின்றன. இச்சிக்கலைத் தீர்க்க வந்த நூலகங்களுள் ஒன்று, ஃபேஸ்புக் நிறுவனம் 2013 இல் பொதுவில் வெளியிட்ட ரியாக்ட். 'தரவு இவ்வாறு இருந்தால் திரை இவ்வாறு இருக்க வேண்டும்' என்று மட்டும் நாம் எழுதினால் போதும். தரவு மாறும்போது திரையின் எப்பகுதியை மாற்றுவது என்பதை ரியாக்ட் பார்த்துக்கொள்ளும்.

இவ்வாறு எழுதுவதற்கு வசதியாக, ஜாவாஸ்கிரிப்டின் நடுவே எச்.டி.எம்.எல். போன்ற குறிகளை அப்படியே எழுதும் ஒரு நடையை அவர்கள் வகுத்தனர். அதற்கு ஜே.எஸ்.எக்ஸ். என்று பெயர். படிக்க இனிமையானது, ஆனால் உலாவிக்கு அது தெரியாத மொழி! அப்படியே கொடுத்தால் முதல் குறியைக் கண்டதுமே 'இலக்கணப் பிழை' என்று நின்றுவிடும். ஆகவே நமக்கும் உலாவிக்கும் இடையே மொழிமாற்றி ஒன்று தேவையாயிற்று. 2014 இல் தோன்றிய பேபல் என்னும் கருவி இந்தப் பணியைச் செய்தது. 2015 இல் ஜாவாஸ்கிரிப்ட் மொழியே பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டது. பழைய உலாவிகளுக்கு அந்தப் புதிய இலக்கணம் தெரியாது என்பதால், அதையும் பழைய இலக்கணத்துக்கு மாற்றித் தரும் பொறுப்பு பேபலுக்கு வந்தது.

மூட்டை கட்டுவது ஏன்?

பெரிய செயலியை ஒரே கோப்பில் எழுத முடியாது. நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளாகப் பிரித்து எழுதுகிறோம். இங்கே இயற்பியல் குறுக்கிடுகிறது.

கண்ணாடி இழையின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5. எனவே அதில் ஒளியின் வேகம் நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர். பக்கத்தை அனுப்பும் சர்வர், அதாவது வழங்கி, இழைவழியாக 10,000 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். நாம் கேட்டு அது விடை சொல்ல, செய்தி 20,000 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். இதற்கு ஆகும் நேரம் 0.1 நொடி. எவ்வளவு விலை கொடுத்துக் கருவி வாங்கினாலும் இதைக் குறைக்க இயலாது. அது ஒளியின் வேகம் விதிக்கும் எல்லை. இப்பொழுது 300 கோப்புகளைக் கேட்க வேண்டும். பழைய நெறிமுறையில் உலாவி ஒரு வழங்கியிடம் ஒரே சமயத்தில் ஆறு இணைப்புகளையே பொதுவாகத் திறக்கும். ஆக 50 சுற்றுகள். 50 × 0.1 = 5 நொடி. கோப்புகள் எவ்வளவு சிறியவையாக இருந்தாலும், வெறும் போக்குவரத்திற்கே 5 நொடி! 2015 இல் வந்த எச்.டி.டி.பி. இரண்டாம் பதிப்பு இந்த ஆறு என்ற நெருக்கடியைத் தளர்த்தியது. ஆனால் வேறொரு தொல்லை எஞ்சியது. முதல் கோப்பு வந்து சேர்ந்து, அதைப் படித்துப் பார்த்த பிறகுதான் இரண்டாவது தேவை என்று உலாவிக்குத் தெரியும். இரண்டாவதைப் படித்தால்தான் மூன்றாவது தெரியும். சங்கிலி நீளும் அளவுக்குக் காத்திருப்பும் நீளும்.

எனவே, முந்நூறு கோப்புகளையும் முன்னதாகவே ஒன்றாகக் கட்டி ஒரே மூட்டையாக, அல்லது சில மூட்டைகளாக, அனுப்புவதே நல்லது. 2012 முதல் வளர்ந்த வெப்பேக் என்னும் கருவி இவ்வாறு மூட்டை கட்டுவதில் புகழ்பெற்றது. கட்டும்போதே தேவையற்ற இடைவெளிகளை நீக்கி, நீண்ட பெயர்களை ஓரெழுத்துப் பெயர்களாகச் சுருக்கி, எடையையும் குறைத்துவிடலாம்.

இவற்றோடு, நிரலில் உள்ள ஐயத்திற்குரிய இடங்களைச் சுட்டிக்காட்டும் கருவி ஒன்று. நாம் கோப்பைச் சேமித்தவுடன் உலாவியில் மாற்றத்தைக் காட்டும் சிறு வழங்கி ஒன்று. சோதனைகளை ஓட்டிப் பார்க்கும் கருவி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அமைவுக் கோப்பு. ஒன்றின் பதிப்பு மற்றொன்றின் பதிப்போடு ஒத்துப்போக வேண்டும்.

2015 ஆம் ஆண்டளவில் நிலைமை இதுதான். ரியாக்ட் கற்க விரும்பும் ஒருவர், திரையில் 'வணக்கம்' என்ற ஒரு சொல்லைக் காண்பதற்குள் பல மணி நேரத்தை இந்த அமைவுக் கோப்புகளோடு மல்லுக்கட்டுவதிலேயே செலவிட நேர்ந்தது. வேதியியல் படித்தவர்களுக்குக் கிளர்வு ஆற்றல் நினைவிருக்கும். வினை நிகழ்ந்தால் ஆற்றல் வெளிப்படும் என்றாலும், தொடங்குவதற்கு முதலில் ஒரு மேட்டைத் தாண்டியாக வேண்டும். பலர் அந்த மேட்டிலேயே களைத்துத் திரும்பினர்.

மேட்டைத் தாழ்த்தியவர்கள்

தொடக்க வார்ப்புரு என்ற எண்ணம் புதியதன்று. 2004 இல் டேவிட் ஹைன்மியர் ஹான்சன் வெளியிட்ட 'ரூபி ஆன் ரெயில்ஸ்' ஒரே கட்டளையில் முழுக் கோப்புறையையும் படைத்துக் கொடுத்தது. 2010 இல் பால் ஐரிஷ், திவ்யா மணியன் ஆகியோர் வெளியிட்ட 'எச்.டி.எம்.எல்.5 பாய்லர்பிளேட்' ஒரு நல்ல இணையப் பக்கத்திற்கு வேண்டிய தொடக்கக் கோப்புகளைத் தொகுத்துத் தந்தது.

ரியாக்ட் உலகில் இந்தப் பணியை 2016 சூலையில் வந்த 'கிரியேட் ரியாக்ட் ஆப்' செய்தது. ஃபேஸ்புக் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் சிலர் உருவாக்கியது. அவர்களுடைய கொள்கை எளியது: அமைவுக் கோப்பு என்று ஒன்றுகூடப் பயனர் கண்ணில் படக்கூடாது. பேபல், வெப்பேக் முதலிய எல்லாவற்றையும் ஒரே பொதிக்குள் அடைத்து மூடிவிட்டனர். உள்ளே இருப்பதைத் தாமே மாற்ற விரும்புவோருக்கு 'எஜெக்ட்' என்று ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்தால் ஒளிந்திருந்த அமைவுக் கோப்புகள் அனைத்தும் வெளியே கொட்டப்படும். ஆனால் அது ஒருவழிப் பாதை. மீண்டும் உள்ளே தள்ள முடியாது.

அடுத்த மாற்றம் 2020 இல் வந்தது. வ்யூ என்னும் சட்டகத்தை உருவாக்கிய எவான் யூ, 'வீட்' என்ற புதிய கருவியை வெளியிட்டார். பிரெஞ்சு மொழியில் 'விரைவாக' என்று பொருள். அதன் விரைவுக்குக் காரணம் முன்னே போட்ட கணக்கிலேயே இருக்கிறது. தொலைவிலுள்ள வழங்கியிடமிருந்து கோப்புகளைப் பெறும்போதுதான் மூட்டை தேவை. நாம் நிரல் எழுதிக்கொண்டிருக்கும்போது வழங்கியும் உலாவியும் ஒரே கணிப்பொறிக்குள் இருக்கின்றன. 20,000 கிலோமீட்டர் என்பது சில சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது, அந்த 0.1 நொடி மறைந்தேபோகிறது. அப்படியானால் எழுதும் காலத்தில் மூட்டை எதற்கு? பழைய கருவிகள் செயலி முழுவதையும் கட்டி முடித்த பிறகே முதல் பக்கத்தைக் காட்டின. வீட், உலாவி எந்தக் கோப்பைக் கேட்கிறதோ அதை மட்டும் அப்போதே மொழிமாற்றிக் கொடுக்கிறது. கோப்புகளைத் தனித்தனியே கேட்டுப் பெறும் ஆற்றலை உலாவிகள் 2017, 2018 ஆம் ஆண்டுகளில்தான் பரவலாகப் பெற்றன என்பதால் முன்பு இது இயலாததாக இருந்தது. எழுதி முடித்து உலகிற்கு வெளியிடும்போது வீட்டும் மூட்டை கட்டவே செய்கிறது. தொலைவு திரும்ப வந்துவிடுகிறதல்லவா!

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. யாரும் ஒளியின் வேகத்தை வெல்லவில்லை. எந்த இடத்தில் அது குறுக்கே நிற்கிறது, எந்த இடத்தில் நிற்கவில்லை என்று பிரித்துப் பார்த்தார்கள், அவ்வளவே.

கோப்புறையைத் திறந்து பார்ப்போம்

நம் புதிய கோப்புறைக்குள் நுழைந்தால் பத்துப் பன்னிரண்டு கோப்புகள் கண்ணில் படும். உலாவி முதலில் படிப்பது 'இண்டெக்ஸ்' என்ற எச்.டி.எம்.எல். கோப்பை. அதைத் திறந்தால் ஏமாற்றமாக இருக்கும். 'ரூட்' என்று பெயரிட்ட ஒரு காலிப் பெட்டியும், 'மெயின்' என்னும் நிரல் கோப்பை அழைக்கும் ஒரு வரியும் தவிர அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. 'மெயின்' கோப்பு அந்தக் காலிப் பெட்டியைத் தேடிப் பிடித்து, அதற்குள் 'ஆப்' என்ற கோப்பிலுள்ள திரையை வரையும்படி ரியாக்டுக்குச் சொல்கிறது. எண்ணும் பொத்தான் இருப்பது இந்த 'ஆப்' கோப்பில். நாம் எழுதப்போகும் செயலியும் அங்கிருந்துதான் வளரும்.

எங்கள் கல்லூரியில் தம் செயல்திட்டத்தைக் காட்ட வரும் மாணவர்களிடம், 'உலாவி முதலில் படிக்கும் கோப்பு எது?' என்று கேட்பது என் வழக்கம். அழகான பக்கத்தைச் செய்து காட்டுபவர்களில் பலர் இதற்கு விழிக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் நிறமாலைமானியை உதவியாளரே இணைக்கதிர்களுக்குச் சரிசெய்து வைத்துவிட்டால், சிறும விலக்கக் கோணத்தை அளப்பது எளிது. ஆனால் யாரோ ஒருவர் கை பட்டுத் தொலைநோக்கியின் குவியம் கலைந்துவிட்டால்? தாமே சரிசெய்து பழகிய மாணவர் இரண்டு நிமிடத்தில் மீண்டும் அளவு எடுக்கத் தொடங்குவார். மற்றவர் உதவியாளரைத் தேடிப் போவார்.

வார்ப்புருவில் கவனமாகப் படிக்க வேண்டிய கோப்பு 'பேக்கேஜ் ஜேசன்'. நம் செயலிக்கு எந்தெந்தப் பொதிகள் வேண்டும், எந்தப் பதிப்பு வேண்டும் என்ற பட்டியல் அதில் இருக்கிறது. பதிப்பு எண் 18.2.0 என்பதுபோல் மூன்று பகுதிகளாக வரும். பழைய நிரலைக் கெடுக்கக்கூடிய மாற்றம் நேர்ந்தால் முதல் எண் கூடும்; கெடுக்காத புதிய வசதி வந்தால் இரண்டாவது; பிழை திருத்தம் மட்டும் என்றால் மூன்றாவது. எண்ணுக்கு முன்னால் ஒரு சிறு கூரைக் குறி இருந்தால், 'முதல் எண் மாறாத வரையில் இதைவிடப் புதிய பதிப்பையும் ஏற்கலாம்' என்று பொருள். ஆகவே ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு நீங்கள் இன்று நிறுவினால் ஒரு பதிப்பும், உங்கள் நண்பர் அடுத்த மாதம் நிறுவினால் வேறு பதிப்பும் வரலாம். 'என் கணிப்பொறியில் ஓடுகிறதே' என்ற பழைய புலம்பலுக்கு இதுவும் ஒரு காரணம். இதைத் தடுக்கவே 2017 முதல் 'லாக்' கோப்பு ஒன்றும் தானாக எழுதப்படுகிறது. நிறுவப்பட்ட ஒவ்வொரு பொதியின் துல்லியமான பதிப்பும், அதன் உள்ளடக்கம் மாறவில்லை என்று சரிபார்ப்பதற்கான நீண்ட அடையாளக் குறியீடும் அதில் பதிவாகும். பெரிதாகவும் புரியாததாகவும் இருக்கிறதே என்று சிலர் அதை அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள்.

இனி 'நோட் மாட்யூல்ஸ்' என்னும் கோப்புறை. நாம் கேட்ட பொதிகள் வந்து இறங்கும் கிடங்கு இதுவே. பட்டியலில் நாம் கண்டவை பத்துப் பெயர்கள் இருக்கலாம். கிடங்கிலோ நூற்றை ஒட்டியோ அதற்கு மேலோ பொதிகள் இருக்கும். பழைய கிரியேட் ரியாக்ட் ஆப் வார்ப்புருவில் இவ்வெண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது! ஒவ்வொரு பொதியும் வேறு சில பொதிகளைச் சார்ந்திருக்கிறது. அவை இன்னும் சிலவற்றை. விருந்துக்கு நாம் பத்துப் பேரை அழைத்தோம். அவர்கள் தத்தம் சுற்றத்தாரையும் அழைத்து வந்துவிட்டார்கள்.

பதினோரு வரி செய்த வேலை

வந்த சுற்றத்தார் எல்லாரையும் நமக்குத் தெரியுமா? 2016 மார்ச் 22 அன்று உலகெங்கும் பல நிரலர்களின் கணிப்பொறிகளில் திடீரென நிறுவும் கட்டளைகள் தோல்வியுற்றன. காரணம், 'லெஃப்ட்-பேட்' என்ற பதினோரு வரிப் பொதி ஒன்று மறைந்துபோயிற்று. அது செய்யும் வேலை, 7 என்ற எண்ணின் இடப்பக்கத்தில் சுழிகளை நிரப்பி 007 என்று ஆக்குவது போன்றது. வேறு ஒரு பொதியின் பெயரைப் பற்றி எழுந்த தகராறில், அதன் ஆசிரியர் தம் பொதிகள் அனைத்தையும் என்.பி.எம். களஞ்சியத்திலிருந்து நீக்கிவிட்டார். பேபலின் சார்புச் சங்கிலியில் எங்கோ ஒரு கண்ணியாக இப்பதினோரு வரிகள் இருந்தன. பேபலை நம்பியிருந்த ரியாக்ட் செயலிகளும் நின்றன. களஞ்சியத்தார் சில மணி நேரத்தில் பொதியைத் திரும்பக் கொண்டுவந்தனர். நினைத்தவுடன் பொதியை நீக்கிவிட முடியாதபடி விதிகளையும் பின்னர் மாற்றினர். அந்தப் பதினோரு வரியின் வேலை 2017 முதல் ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலேயே ஒரு செயற்கூறாகச் சேர்ந்துவிட்டது.

மறைந்துபோவது ஒரு வகை. பொதிக்குள் தீங்கு நுழைவது அதைவிடக் கொடிது. 2018 இல் 'ஈவண்ட்-ஸ்ட்ரீம்' என்ற புகழ்பெற்ற பொதியின் பராமரிப்பை, உதவ முன்வந்த புதியவர் ஒருவரிடம் அதன் ஆசிரியர் ஒப்படைத்தார். வந்தவர் பிட்காயின் பணப்பை ஒன்றிலிருந்து திருடும் நிரலை அதன் சார்புப் பொதியில் ஒளித்து வைத்தார். 2025 செப்டம்பரில் 'சாக்', 'டிபக்' உள்ளிட்ட பதினெட்டுப் பொதிகளின் பராமரிப்பாளர் ஒருவர் போலி மின்னஞ்சலால் ஏமாற்றப்பட்டார். அவருடைய கணக்கின் வழியே கிரிப்டோ நாணயப் பரிமாற்றங்களைத் திசைதிருப்பும் நிரல் நுழைந்தது. சில மணி நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. என்றாலும், உலகில் மிகுதியாகப் பதிவிறக்கப்படும் பொதிகளுள் அவை அடங்கும்.

இதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். ஒரு பொதியில் ஓராண்டுக்குள் கோளாறு நேரும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அது நலமாக இருக்கும் வாய்ப்பு 0.999. நூறு பொதிகளும் நலமாக இருக்கும் வாய்ப்பு 0.999 என்பதை நூறு முறை பெருக்கினால் வருவது, ஏறத்தாழ 0.90. ஆயிரம் பொதிகளானால்? 0.37! அதாவது எங்கேனும் ஒரு கோளாறு நேர்வதற்கு நூற்றில் 63 பங்கு வாய்ப்பு. கதிரியக்கச் சிதைவில் சராசரி ஆயுட்காலம் கழிந்தபின் எஞ்சும் அணுக்களின் பங்கும் இதே 0.37 தான் என்பதை இயற்பியல் மாணவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நம்பத்தக்கதே. எண்ணிக்கைதான் நம்மைக் கவிழ்க்கிறது. ஆகவே இரண்டு வார்ப்புருக்கள் ஒரே வேலையைச் செய்யுமானால், குறைந்த பொதிகளைக் கொண்டு வருவதைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். எல்லா வசதிகளும் உள்ளே இருக்கின்றன என்று விளம்பரப்படுத்தப்படும் வார்ப்புருக்களைக் கண்டால் நான் சற்று ஒதுங்கியே நிற்பேன்.

வார்ப்புருவிற்கும் வயதாகும்

மேட்டைத் தாழ்த்திய வார்ப்புருவை வினையூக்கி என்று சொல்லத் தோன்றும். ஓர் அளவுக்குத்தான் இது பொருந்தும். வினையூக்கி வினை முடிந்தபின் விலகிக்கொள்ளும். வார்ப்புருவோ நம் செயலிக்குள்ளேயே தங்கிவிடும். அதை அமைத்தவர் அன்று எடுத்த முடிவுகள் ஆண்டுக்கணக்கில் நம்மோடு வரும்.

கிரியேட் ரியாக்ட் ஆப் இதற்குச் சான்று. அதன் ஐந்தாம் பதிப்பு 2021 டிசம்பரில் வந்தது. அதன்பின் பராமரிப்பு தளர்ந்தது. 2024 டிசம்பரில் ரியாக்டின் 19 ஆம் பதிப்பு வெளியானபோது, பழைய வார்ப்புருவின் கட்டளையைக் கொடுத்தவர்களுக்குப் பதிப்புகள் ஒவ்வவில்லை என்ற பிழைச் செய்தியே விடையாக வந்தது. 2025 பிப்ரவரி 14 அன்று ரியாக்ட் குழுவினர், புதிய செயலிகளுக்கு இனி இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று முறைப்படி அறிவித்தனர். முனைப்பான பராமரிப்பாளர்கள் இல்லை என்பதையும் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டனர். எட்டரை ஆண்டு வாழ்வு. மென்பொருள் உலகில் இது குறைந்த ஆயுள் அன்று. ஆனால் அந்த எட்டரை ஆண்டுகளில் எழுதப்பட்ட பாடநூல்களும் பயிற்சிக் காணொளிகளும் அவ்வளவு எளிதில் மறைவதில்லை. 2019 இல் வந்த நூல் ஒன்றை நூலகத்தில் எடுத்து முதல் அத்தியாயத்தின் முதல் கட்டளையைத் தட்டும் மாணவருக்கு எச்சரிக்கைதான் வரவேற்பாகக் கிடைக்கிறது. அவர் தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார். ஒரு வார்ப்புருவைத் தேர்ந்தெடுக்கும்போது அது கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதை முதலில் பார்த்துக்கொள்வது, மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியைப் பார்ப்பதுபோல.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்; இதில் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். வரைபடம், பணப் பரிமாற்றம் போன்ற சேவைகளைப் பயன்படுத்த ஒரு மறைவுச்சாவி தருவார்கள். அதை நிரலுக்குள் எழுதக்கூடாது, 'என்வ்' என்னும் தனிக் கோப்பில் வைக்க வேண்டும் என்று படித்திருப்பீர்கள். வீட் வார்ப்புருவில் அந்தக் கோப்பில் 'வீட்' என்ற முன்னொட்டோடு எழுதப்படும் மாறிகள் மூட்டைக்குள் போய்விடும். மூட்டை உலாவிக்குப் போகிறது. உலாவிக்குப் போனதை எவரும் திறந்து படிக்கலாம். முன்னொட்டு இல்லாவிட்டால் மாறி நிரலுக்குக் கிடைப்பதில்லை. சேர்த்தவுடன் எல்லாம் ஓடுகிறது. ஓடுகிறதே என்ற மகிழ்ச்சியில் சாவி ஊரறிய வெளியாகிவிடுகிறது! உண்மையான மறைவுச்சாவிகளின் இடம் உலாவியன்று. நாம் தனியே நடத்தும் வழங்கி. மேலும், இந்த வார்ப்புருவோடு வரும் 'கிட்இக்னோர்' கோப்பு, 'லோக்கல்' என்று முடியும் கோப்புகளையே பொதுக் களஞ்சியத்திற்குப் போகாமல் தடுக்கிறது. வெறும் 'என்வ்' என்ற பெயருள்ள கோப்பை நீங்களே அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

எப்போது வேண்டும்? எப்போது வேண்டாம்?

துறையின் கால அட்டவணையைக் காட்டும் ஒரு பக்கம், ஒரு நூலகத்தின் முகவரிப் பக்கம், தனி ஊசலின் அலைவு நேரத்தைக் கணக்கிடும் சிறு கருவி: இவற்றிற்கு எந்த வார்ப்புருவும் தேவையில்லை. ஒரே எச்.டி.எம்.எல். கோப்பு போதும், பத்தாண்டு கழித்துத் திறந்தாலும் அது ஓடும். பல திரைகள், மாறிக்கொண்டே இருக்கும் தரவு, சேர்ந்து எழுத நான்கு நண்பர்கள் என்று ஆகும்போது வார்ப்புருவை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கையாலேயே அமைப்பேன் என்று அடம்பிடிப்பதும் வீண் உழைப்பே.

கற்பவர்களுக்கு ஒரு மாலைப் பொழுதுக்கான பயிற்சி. முதலில் எண்ணும் பொத்தானை வார்ப்புரு ஏதுமின்றி ஒரே கோப்பில் எழுதி உலாவியில் திறந்து பாருங்கள். பிறகு வார்ப்புருவை இறக்கி அதே பொத்தானைப் பாருங்கள். 'நோட் மாட்யூல்ஸ்' கோப்புறையை அப்படியே அழித்துவிட்டு, 'என்.பி.எம். சி.ஐ.' என்ற கட்டளையைக் கொடுங்கள். லாக் கோப்பில் உள்ளபடியே கிடங்கு முழுவதும் திரும்ப வந்து நிற்கும். அடுத்து 'என்.பி.எம். ரன் பில்ட்' என்று கொடுத்தால் 'டிஸ்ட்' என்ற புதிய கோப்புறை தோன்றும். வெளியுலகிற்குப் போவது இது மட்டுமே. அதற்குள் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் மூட்டையைத் திறந்து, இடைவெளியின்றி நெருக்கி அடைத்த அந்த எழுத்துக் குவியலுக்குள் உங்கள் பொத்தானில் இருந்த சொற்களைத் தேடிப் பாருங்கள், கிடைக்கும்.